பூஜ்யம் வந்தவர்கள்

இந்துமதிக்குப் பாசம் கிடையாது. இது அக்கம்பக்கத்தார் பேசிய புறணி அல்ல. முத்திரை குத்திய சான்றிதழே இருக்கிறது. ‘மகள் தாரிகா மீதான பற்றூக்கி அளவு: பூஜ்யம்.’ அதைப் பார்த்துத்தான் குடும்ப நல நீதிமன்றம், ஒன்பது வயதுப் பெண்ணை அப்பா நவநீதனோடு மெல்பர்னுக்கு அனுப்பி வைத்தது. ஆயிற்று, எட்டு வருடம்.

பற்றூக்கி என்பது ரத்தத்தில் ஊறும் ஒரு ஹார்மோன். நமக்கு வேண்டியவரின் குரல் காதில் விழுந்தால் மளமளவென்று ஏறும். வேண்டாதவர் குரலுக்கு அசையாது. கண்டுபிடித்தவர்கள் ஏதோ மனநோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்களாம், பாவம். வெளியே வந்ததும் அது வேறு வேலைக்குப் போய்விட்டது. எந்தப் பிள்ளைக்கு அப்பா மேல் நிஜமான பாசம் என்று சொத்து வழக்கில் கேட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தோடு பாசச் சான்றிதழையும் கேட்டார்கள். ரத்தம் கொடுக்கும் முன் சின்ன வெங்காயம் உரித்தால் அளவு ஏறும் என்று எவனோ கிளப்பிவிட, பீளமேட்டு ஆய்வகத்தின் காத்திருப்புக் கூடத்தில் வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளி மாளவில்லை.

கோயம்புத்தூரில் அந்த ஆய்வகத்துக்குத் தலைவி வேறு யாருமில்லை, இந்துமதிதான். மேற்கு மாவட்டங்கள் அத்தனைக்கும் பாசத்தை அளந்து கொடுக்கும் இடம் அது. பாசமே இல்லாதவள் பாசத்தை அளக்கிறாள் என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வது அவளுக்குத் தெரியும். கோபப்படவில்லை. வேறு ஊர் ஆய்வகம் கொடுத்த அறிக்கை என்றால் சந்தேகப்பட்டிருப்பாள். அவளுடைய ரத்தத்தைச் சோதித்தது அவளுடைய ஆய்வகமே. அவள் பழக்கிய கைகள், அவள் வகுத்த முறை. அங்கே தப்பு நடக்காது என்பது அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அதனால் நம்பினாள்.

நம்பியதோடு விட்டாளா? அந்தப் பூஜ்யத்துக்குத் தக்கபடி வாழவும் பழகிக்கொண்டாள். விமான நிலையத்தில் தாரிகா கையசைத்தபோது, கண்ணீர் வருகிறதா என்று காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. சரி, அறிக்கை சரியாகத்தான் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு போன். மழையா, பரீட்சை எப்போது, சாப்பிட்டாயா. அதற்கு மேல் பேசினால் இல்லாத பாசத்தை இருப்பதாக நடிப்பது போலாகும். பெற்ற பெண்ணிடம் நடிப்பதைப் போல அயோக்கியத்தனம் வேறில்லை என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். போனை வைத்ததும் வீடு கம்மென்று ஆகிவிடும். டிவியைப் போட்டுவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவாள். அதைத் தனிமை என்று சொல்ல அவளுக்குத் தோன்றியதே இல்லை. யாரையும் தேடாதவளுக்குத் தனிமை எப்படி வரும்?

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நாச்சிமுத்து வந்தார்.

அறுபதைத் தாண்டிய மனிதர். கணபதியில் கிரைண்டர் பட்டறை வைத்திருக்கிறார். கல் கொத்திக் கொத்தி விரல்களெல்லாம் காய்த்துப்போயிருந்தன. முன்கூட்டிச் சொல்லாமல் டாக்டரைப் பார்க்க முடியாது என்று மூத்த டெக்னீஷியன் ஜெசிந்தா வாசலிலேயே மறித்தாள்.

“சண்டைக்கு வரலீங்க அம்மணி,” என்றார் அவர். “ஒரே ஒரு சந்தேகமுங்க. கேட்டுப்போட்டுப் போயிர்றனுங்க.”

உள்ளே இருந்த இந்துமதிக்கு அந்தக் குரல் கேட்டது. வரச் சொன்னாள்.

“எம்பட சம்சாரம் துளசிமணிங்க,” என்று ஆரம்பித்தார், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து. “மூளையில ரத்தம் கட்டி, ரெண்டு வருசமா ஆரையும் அடையாளம் தெரியறதில்லீங்க. கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு காப்பகத்துல இருக்கறா. அவளோட அண்ணன் பெங்களூர்ல இருக்கறாருங்க. தங்கச்சிய நான் கூட்டிட்டுப் போறேன்னு கேஸ் போட்டுட்டாரு. ரெண்டு பேருத்துக்கும் ரத்தம் எடுத்தாங்க. மச்சானுக்கு அறுவத்திரண்டு. எனக்குப் பூஜ்யமுங்க.”

“தீர்ப்பு எப்போ?”

“வர்ற வெள்ளிக்கெழமைங்க. கூட்டிட்டுப் போயிட்டாருன்னா அப்பறம் என்னையப் பாக்கவே வுடமாட்டாரு. அது வேற வழக்குங்க, பழைய பகை.”

“மறுபடியும் சோதிக்கச் சொல்லிக் கேக்கலாமே.”

“வேண்டாமுங்க. மெசினு பொய் சொல்லாதுன்னு எனக்கும் தெரியுமுங்க. நெசமாவே பூஜ்யந்தானான்னு உங்க வாயால ஒருக்காக் கேட்டுட்டாச் செரி.” கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டார். “எனக்கு அழுகையெல்லாம் வர்றதில்லீங்க. காத்தால போயி அவ பக்கத்துல உக்காந்துக்கறது, பொழுது சாஞ்சா வந்தர்றது. நீ ஆருன்னு கேப்பா. கிரைண்டர் ரிப்பேருக்கு வந்தவன்னு சொல்லுவனுங்க. அவ்வளவுதானுங்க.”

இந்துமதி அவரை மதித்தாள். அதனால் ஆறுதல் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னாள்.

“எப்படி அளக்கறோம்னு சொல்றேன். கல்யாணப் பந்தின்னு வெச்சுக்கங்க. நூறு இலைதான் போட்டிருக்கு. அந்த இலைக்கு நாங்க ஆன்டிபாடின்னு சொல்லுவோம். அதுல பற்றூக்கி மட்டும்தான் உக்கார முடியும். நாங்களா கொஞ்சம் பேரை அனுப்பறோம். அவங்களும் பற்றூக்கிதான். ஆனா கதிர்வீசற அயோடினை ஒட்டி அனுப்புவோம், எங்க உக்காந்தாலும் மெஷின்ல தெரியும். அதே பந்திக்கு உங்க ரத்தத்துல இருக்கற ஆளுங்களும் வர்றாங்க. இலைக்குப் போட்டி. உங்க ஆளுங்க நெறைய வந்தா எங்க ஆளுங்களுக்கு இடம் இருக்காது. இடம் கெடைக்காம நிக்கறவங்களைக் கழுவி வெளிய அனுப்பிட்டு, உக்காந்திருக்கறதுல எங்க ஆளுங்க எத்தனை பேருன்னு எண்ணுவோம்.”

“அப்ப உங்காளுக கம்மியா இருந்தா எம்படாளுக ஜாஸ்திங்க.”

“அதேதான். மெஷின் எவ்வளவு கம்மியாக் காட்டுதோ பாசம் அவ்வளவு ஜாஸ்தி. உங்க குழாயில எங்க ஆளுங்க அத்தனை பேரும் உக்காந்திருந்தாங்க. உங்க பக்கத்துல இருந்து ஒருத்தர்கூட வரலைன்னுதான் அர்த்தம்.”

நாச்சிமுத்து தலையாட்டினார். “செரிங்க. நம்ம பக்கத்துல இருந்து ஆரும் வர்ல.” எழுந்து, மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு கதவு வரை போனவர் திரும்பினார்.

“அப்ப நான் எதுக்குங்க டெய்லி போறேன்?”

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. தெரிந்தவர் சொல்வார் என்று கேட்டார். கொஞ்சம் காத்திருந்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

கேள்வி போகவில்லை. வேலை ஓடவில்லை அவளுக்கு. மெல்பர்னில் இன்று மழையா வெயிலா என்று தினமும் காலையில் பல் தேய்க்கும் முன்பே போனில் பார்க்கிறாளே, அது எதற்கு? ஞாயிற்றுக்கிழமை போனில் பேச விஷயம் வேண்டுமல்லவா என்று தனக்குத்தானே சொல்லிவைத்திருந்த சமாதானம் அன்றைக்குச் செல்லுபடியாகவில்லை.

ஜெசிந்தாவைக் கூப்பிட்டாள். “பூஜ்யம் வந்து, மறுசோதனைக்குன்னு யாராவது இதுவரைக்கும் வந்திருக்காங்களா?”

“எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க மேடம். முப்பது வந்தவன் அம்பது வேணும்னு வந்து குதிப்பான். பூஜ்யம் வந்தவங்க எதுக்கு வருவாங்க? எனக்குப் பாசமே இல்லைன்னு ஒருதரம் கேட்டது பத்தாதா, இன்னொரு தரம் கேக்கறதுக்கு? மூஞ்சிய மறைச்சுட்டு ஓடிருவாங்க.” சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். “சாரிங்க மேடம்.”

“இல்லை. சரியாத்தான் சொன்ன.”

எந்த ஆய்வகமும் தன் தப்பை யாராவது வந்து சண்டை போடும்போதுதான் கண்டுபிடிக்கும். முப்பதும் நாற்பதும் வந்தவர்கள் கத்திக் கத்தி, அந்த எண்களெல்லாம் சலித்துச் சுத்தமாகிவிட்டன. பூஜ்யத்தை மட்டும் யாரும் தொட்டுப் பார்க்கவே இல்லை. அது அவமானமாக இருந்ததால் துல்லியமாக இருப்பதாக எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். இந்துமதியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

“அவரோட மாதிரி மிச்சம் இருக்கில்ல? அதுக்கு ஒரு வெற்றுக் குழாய் வெச்சுப் பாப்போம்.”

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. வெற்றுக் குழாயா? இலையே போடாத பந்தி அது. ஆன்டிபாடி ஊற்றாமல், நோயாளியின் ரத்தத்தையும் அயோடின் ஒட்டியதையும் மட்டும் விட்டுப் பார்ப்பது. உட்கார இடமே இல்லாததால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விட வேண்டும். கருவியில் ஒன்றும் தெரியக் கூடாது. ஆரம்ப நாட்களில் ஒவ்வொருவர் ரத்தத்துக்கும் இப்படி ஒன்று வைத்தார்கள். கூட்டம் பெருகியதும், கருவியை ஓட்டும் தடவைக்கு எல்லாருக்கும் பொதுவாக ஒன்று வைத்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். எல்லா ஊரிலும் அப்படித்தான் விட்டார்கள்.

மறுநாள் மதியம் குழாய் கருவிக்குள் போனது. ஒன்றும் தெரியக் கூடாத இடத்தில் எண்கள் குபுகுபுவென்று ஏறின.

“ஆன்டிபாடிய ஊத்திட்டியா?”

“சத்தியமா இல்லைங்க மேடம்.”

இந்த முறை இந்துமதியே கையுறை மாட்டிக்கொண்டு செய்தாள். அதே எண்.

“இலையே போடலையே,” என்றாள் ஜெசிந்தா. “எங்க போய் உக்காந்தாங்க?”

“அவர் ரத்தத்துலயே இலை இருக்கு. அவர் உடம்பே பற்றூக்கிக்கு ஆன்டிபாடி செஞ்சு வெச்சிருக்கு. நாம அனுப்பின ஆளுங்க எல்லாம் அதுல போய் உக்காந்துட்டாங்க. நாமளும் எண்ணிப் பாத்துட்டு, இவர் பக்கத்துல இருந்து யாரும் வரலைன்னு எழுதிட்டோம்.” கையுறையைக் கழற்றிப் போட்டாள். “வருசக்கணக்கா இன்சுலின் ஊசி போட்டா சில பேர் உடம்பு அதுக்கு எதிராவே ஆன்டிபாடி செய்யும், படிச்சிருப்பியே.”

“இவருக்கு ஊசி எதுவும் போடலையே மேடம்?”

“ஊசி வேண்டாம். உள்ள ஊறினதே அளவுக்கு மீறி ஊறியிருக்கு. விடாம, வருசக்கணக்கா. உடம்பு தாங்குமா? புடிச்சுக் கட்டிப்போட ஆரம்பிச்சிருச்சு.”

ஜெசிந்தா யோசித்தாள். “அதனாலதான் அழுகை வரலைன்னு சொன்னாரா?”

“இருக்கலாம். கட்டிப்போட்டது போக வேண்டிய எடத்துக்குப் போய்ச் சேராதில்ல.”

கட்டை அவிழ்க்க வழி இருந்தது. ரத்தத்தை அமிலத்தில் இட்டுப் பிரித்து, பற்றூக்கியை மட்டும் தனியே எடுத்து அளந்தார்கள். இப்போது கருவி வாயே திறக்கவில்லை, அயோடின் ஒட்டிய ஒருவருக்கும் இலை கிடைக்கவில்லை. எண்ணும் அளவுக்குள் வர நீர்க்க வைத்துப் பார்த்தார்கள். மறுபடி நீர்க்க வைத்தார்கள். கடைசியில் வந்த எண்ணை இதற்கு முன் அந்த ஆய்வகம் யாருக்கும் எழுதியதில்லை. மச்சானின் அறுபத்திரண்டு அதன் பக்கத்தில் நிற்கக்கூட லாயக்கில்லை.

விஷயம் தெரிந்து, பாசச் சோதனைத் திட்டத்தின் இயக்குநர் சென்னையிலிருந்து போனில் வந்தார். நல்ல மனிதர்தான், பயந்த சுபாவம்.

“அந்த ஒரு கேஸை மாத்திக் குடுத்துருங்க டாக்டர். அதோட விட்ருங்க. மத்ததைக் கிளறாதீங்க.”

“எல்லாப் பூஜ்யத்தையும் திரும்பப் பாக்கணும் சார்.”

“எத்தனை சொத்து கைமாறியிருக்கு, எத்தனை பேர் பிரிஞ்சிருக்காங்க, எத்தனை குழந்தைங்க... எல்லாத்தையும் தோண்டினா யார் பதில் சொல்றது? எல்லாமே இப்படித்தான் இருக்கும்னு உங்களால சொல்ல முடியுமா?”

“முடியாது சார். நெஜமாவே பூஜ்யமா இருக்கறவங்களும் இருப்பாங்க. யாருன்னு நமக்குத் தெரியாது. அதான் பிரச்சினையே.”

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். “தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கேஸும் அதுல ஒண்ணு. உங்களுக்காகப் பண்றீங்கன்னு பேசுவாங்க.”

“ஏற்கெனவே நெறைய பேசியாச்சு சார். இதையும் பேசட்டும்,” என்றாள் இந்துமதி.

நாச்சிமுத்துவை வரவழைத்துப் புது அறிக்கையைக் கையில் கொடுத்தாள். அவர் எண்ணைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தார்.

“இருக்குதுங்களா?”

“இருக்கு. ரொம்ப இருக்கு.”

“அது போதுமுங்க.” காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்போதும் கண் கலங்கவில்லை. ஆனால் எழுந்திருக்க நேரமாயிற்று. “இன்னைக்குப் போயி, ரிப்பேர்காரன் இல்ல, உம்பட புருசன்னு சொல்லிப் பாக்கறனுங்க. நம்பறாளோ என்னமோ.”

வெள்ளிக்கிழமை தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. துளசிமணி கிணத்துக்கடவிலேயே இருக்கலாம் என்றார்கள்.

நீதிமன்ற வழக்குகளின் ரத்த மாதிரிகளைப் பத்து வருடம் உறைபெட்டியில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இந்துமதியின் ரத்தமும் அங்கேதான் இருந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் தாரிகாவின் குரலைக் கேட்க வைத்து எடுத்தது. ‘அம்மா, என் ஷூ எங்க?’ என்று அவள் கத்துகிற பழைய ஒலிப்பதிவு ஒன்றைத்தான் அன்றைக்குப் போட்டார்கள். மற்றவர்களின் பூஜ்யங்களையெல்லாம் வரிசையாக எடுத்துப் பார்த்தவள், தன் குழாய்ப் பக்கம் போகாமல் நாளைக் கடத்தினாள். பூஜ்யம்தான் என்று மறுபடியும் வந்தால் பரவாயில்லை, அதோடு வாழப் பழகியாயிற்று. இல்லை என்று வந்தால்? எட்டு வருடத்தை என்ன செய்வது? ஒரு பெண் பெரியவளாகி, பல்லுக்குக் கம்பி கட்டிக் கழற்றி, குரல் மாறி, வேறு ஒரு ஊரின் குழந்தையாகிவிட்ட எட்டு வருடத்தை யாரிடம் போய்க் கேட்பது? பயமாக இருந்தது அவளுக்கு. வெட்கத்தை விட்டுச் சொன்னால், பூஜ்யமாகவே இருந்துவிடட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டாள்.

கடைசியில் ஜெசிந்தாதான் ஒன்றும் கேட்காமல் அந்தக் குழாயை எடுத்து வந்து மற்றவற்றோடு வைத்தாள். எண்ணும் வேலையை இந்துமதி செய்தாள். வெற்றுக் குழாயில் எண்கள் ஏறின. ஏறிக்கொண்டே இருந்தன. அமிலத்தில் பிரித்து அளந்தபோது கருவி ஊமையாகிவிட்டது. இந்துமதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஜெசிந்தா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நடிக்கக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தாளே, அதை நினைத்துத்தான் அவளுக்கு மனசு ஆறவில்லை. கொட்டிக் கிடந்ததை வைத்துக்கொண்டு, குழந்தையிடம் மழையா வெயிலா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

மதியச் சாப்பாட்டு நேரம். மெல்பர்னில் சாயங்காலமாக இருக்கும். கூப்பிட்டாள்.

“அம்மா?” தாரிகாவின் குரலில் திடுக்கிடல். “என்னாச்சு? இன்னிக்கு சண்டே இல்லையே.”

“ஒண்ணும் ஆகல. சும்மாதான்.” பழகிய வாய் பழகியதையே கேட்டது. “அங்க மழையா?”

“இல்லம்மா. வெயில்.”

“தாரி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அப்ப, உன்னை அப்பாகிட்ட குடுத்தப்ப, எனக்கு ஒரு டெஸ்ட் எடுத்தாங்க...”

“ஜீரோ. தெரியும்மா. அப்பா சொல்லியிருக்காரு.” பதினேழு வயதுப் பெண்ணின் குரல் நிதானமாக, மரியாதையாக இருந்தது. வெளியாளிடம் பேசுவது மாதிரி. “அதுக்காகவா கூப்பிட்ட? நான் உன்மேல கோவமா எல்லாம் இல்ல. ஐ மீன், யாரோட தப்பும் இல்லையே. எனக்கும் அப்படித்தான்.”

“என்ன அப்படித்தான்?”

“லாஸ்ட் இயர் ஸ்கூல்ல எங்க எல்லாருக்கும் எடுத்தாங்க. எனக்கு உன் வாய்ஸ் போட்டாங்க, மாசா மாசம் பேசுவோமே, அதுல ஒரு போன் கால். எனக்கும் ஜீரோ.” சின்னதாகச் சிரித்தாள். “எனக்கு அழுகையே வராதும்மா. எதுக்கும் வராது. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கல்லுன்னு கூப்பிடுவாங்க.”

இந்துமதி எழுந்து நின்றுவிட்டாள். வெற்றுக் குழாய் வைக்காமல் எதுவும் சொல்ல முடியாது. நிஜமான பூஜ்யமும் உலகத்தில் உண்டு. இயக்குநரிடம் அவளே சொன்னதுதான். அதைச் சொல்லாமல் வேறொன்று கேட்டாள்.

“அந்த ரிப்போர்ட்டை என்ன பண்ணின?”

“வெச்சிருக்கேன்.”

“எதுக்கு?”

பின்னால் ஏதோ கார் போகும் சத்தம் கேட்டது.

“உனக்கும் எனக்கும் ஒரே நம்பர் இல்ல? அத பாத்தப்ப எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமா இருந்துச்சும்மா. டெய்லி எடுத்துப் பாப்பேன். ஏன்னு தெரியல.”

“எனக்குத் தெரியும்,” என்றாள் இந்துமதி. “வெச்சுடாத, சொல்றேன்.”